கருத்துக்காரி மைலிஸ்

உருளைக்கிழங்கைக் குத்திய முள்கரண்டி வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றுவிட்டதென்றால், மைலிஸ் ஃபால்க் ஏதோ சொல்லப் போகிறார் என்று அர்த்தம். ஆலையின் சாப்பாட்டுக்கூடத்தில் சன்னலோர மேசைக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். "என்னைக் கேட்டா," என்று ஆரம்பிப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மேற்கு ஸ்வீடனில், கால்வாய் ஊரான ஆல்விக்கில் ராக்கெட் என்ஜினுக்கு வாய் செய்கிறார்கள். நெருப்பு வெளியேறும் அடிப்பகுதி, கவிழ்த்த மணி போல இருக்கும். அதற்கு வேண்டிய உலோக வளையங்களை வாங்கிப் போடுவது மைலிஸின் வேலை. வயது ஐம்பத்தொன்பது. கொள்முதல் பிரிவில் அவர் நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். போனில் பேசினால் நடப்பார். நடந்தால் வழியில் கிடக்கும் எதையாவது சரிசெய்வார். சாய்ந்த படம், மூடாத அலமாரி, அடுத்தவர் மேசையில் வாடும் செடி. பேனாவின் முனையை டிக் டிக்கென்று தட்டியபடியே இருப்பதால், பக்கத்து மேசை பூஸ்ஸே அவருக்கு மூடி போட்ட பேனாவாகவே பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தார். மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டதுதான் மிச்சம்.

அவரிடம் எல்லாவற்றுக்கும் கருத்து உண்டு. வளையங்கள் ஆஸ்திரியாவில் ஒரே ஒரு பட்டறையிலிருந்துதான் வருகின்றன. "மேல போற சாமானுக்குக் கீழ ஒரே ஒரு கடைதானா? அங்க ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா இங்க ராக்கெட் படுத்துக்கும்," என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆலையில் புதிதாகப் போட்ட கம்ப்யூட்டர் புரோகிராமைப் பற்றி: "இதைச் செஞ்சவன் ஒரு நாளாவது இதுல வேலை பார்த்திருக்கணும். அதுதான் அவனுக்குத் தண்டனை." தண்டனை என்ற சொல் வந்துவிட்டால் பேச்சு நாட்டின் குற்றவியல் சட்டத்துக்குத் தாவிவிடும். சட்டம் இளகிப்போய்விட்டது, எல்லாரும் சாக்குச் சொல்லித் தப்பிக்கிறார்கள், செய்தவன் செய்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டாமா என்பது அவர் கட்சி.

பூஸ்ஸே உள்ளூர்க் கட்சிக் கிளையின் செயலாளர். மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதியோடு உட்கார, கட்சிகள் பெயர் கொடுக்கும் மக்கள் நீதிபதிகள் தேவை என்று ஆள் தேடியபோது மைலிஸின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். "இங்க எங்ககிட்டப் பேசறதை அங்க போய்ப் பேசு. பிரயோசனமாவது இருக்கும்," என்றார்.

அவர் கணக்கு ஒரு வகையில் தப்பிப்போனது. சட்டம் படித்த நீதிபதி ஒருவர், ஊர்க்காரர்கள் மூவர். நால்வருக்கும் சமமான ஓட்டு. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு கலந்து பேசும் அறையில் நடப்பதை வெளியே மூச்சுவிடக் கூடாது. மைலிஸ் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். நீதிமன்றம் போய்வந்த நாட்களில் சாப்பாட்டு மேசையில் முள்கரண்டி பாதி வழியில் நிற்கும், பிறகு வேண்டா வெறுப்பாக வாய்க்குள் போகும்.

போன மார்ச்சில் ரோலந்த் ஹெதீன் வழக்கு வந்தது.

ரோலந்த் பாலம் தூக்குகிறவர். கால்வாயில் கப்பல் வரும்போது பாலத்தின் நடுப்பகுதி எழும்ப வேண்டும். முன்பெல்லாம் பாலத்துக்கு ஒரு கூண்டு, கூண்டுக்கு ஓர் ஆள். இப்போது ஆறு பாலங்களுக்குமாகப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஓர் அறை, திரைகள், அறையில் ஒருவர். முந்தைய செப்டம்பரில் நான்காம் பாலத்தின் மேல் பார்ப்ரோ என்ற பள்ளி ஆசிரியையின் சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது. குனிந்து மாட்டிக்கொண்டிருந்தார். மணி அடித்தது, தடுப்புகள் இறங்கின. ரோலந்த் திரையைப் பார்த்தார், பாலம் காலியாக இருந்தது, பொத்தானை அழுத்தினார். அவர் பார்த்தது முதல் பாலம். இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் படம் தானாகவே முதல் பாலத்துக்குத் திரும்பிவிடும்படி புதிய திரையை அமைத்திருந்தார்கள். அந்த இரண்டு நிமிடமும் அவர் கப்பல்காரனோடு ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார். பார்ப்ரோ சைக்கிளோடு சரிந்து விழுந்ததில் தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

கவனக்குறைவால் காயம் விளைவித்த குற்றம். விசாரணை செவ்வாய், வியாழன் என்று இரண்டு நாள்.

செவ்வாயன்று பார்ப்ரோ இரண்டு ஊன்றுகோல்களோடு வந்தார். குரலை உயர்த்தவில்லை. "மணி அடிச்சது. நான் பயப்படல. தலைக்கு மேல கேமரா இருந்துச்சே. யாரோ என்னைப் பார்த்துட்டுதான் இருக்காங்கன்னு நினைச்சேன்," என்றார்.

மைலிஸின் விரல்கள் மேசைக்கு அடியில் பேனா மூடியைத் தேடின. குற்றவாளி இவன்தான் என்று அப்போதே அவருக்குத் தோன்றிவிட்டது. கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தியவன்.

அப்புறம் திரையைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் சாட்சி சொன்னார். எந்தப் பாலத்தின் படம் என்பது திரையிலேயே எழுதியிருக்கிறது, பார்த்தால் தெரியும் என்றார். மைலிஸ் நீதிபதி ஹென்னிங் பக்கம் திரும்பி, ஒரு கேள்வி கேட்கலாமா என்றார். ஹென்னிங் தலையசைத்தார்.

"அந்தத் திரையை இங்க பெருசாப் போட்டுக் காட்ட முடியுமா?"

போட்டார்கள். நீதிமன்றச் சுவரில் கால்வாய் விரிந்தது.

"பேர் எங்க இருக்கு?"

அரசு வக்கீல் எழுந்து வலது மூலையைச் சுட்டினார். அது கடிகாரம். பொறியாளர் சற்றுச் சங்கடத்தோடு இடது மூலை என்றார். சாம்பல் நிற வானத்தின் மேல் சாம்பல் நிற எழுத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் அளவில், பாலம் ஒன்று என்று இருந்தது.

"என்னைக் கேட்டா..." என்று மைலிஸ் வாயெடுத்தார்.

"யாரும் இப்ப உன்னைக் கேட்கல," என்று ஹென்னிங் மெதுவாகச் சொன்னார். "கேள்வி மட்டும்."

மறுநாள் புதன்கிழமை. ஆலையில் இருபத்து நான்கு வளையங்கள் வந்து சேராமல் ஒரு பிரிவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஏழு வாரமாக ஆஸ்திரியாப் பட்டறை ஆலோயிஸை மைலிஸ் துரத்திக்கொண்டிருந்தார். ஆர்டரே இல்லை என்று அவர் எழுதிய பதில்களைச் சாக்கு என்று ஒதுக்கியிருந்தார். அன்று காலை போனில் பிடித்தார்.

"ஆலோயிஸ், இன்னும் எத்தனை கதை சொல்லப்போற? இங்க என்ஜின் சோதனைக்குத் தேதி குறிச்சாச்சு."

"மைலிஸ், நான் கதை சொல்லல. உனக்கு ஒரு படம் அனுப்பறேன். பார்த்துட்டுத் திட்டு," என்றார் ஆலோயிஸ்.

படம் வந்தது. ஆலையின் புரோகிராமிலிருந்து பட்டறைக்குப் போன அறிவிப்பு. ஆர்டர் மூடப்பட்டது, ஜனவரி பதினெட்டு, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. மூடியவர்: எம். ஃபால்க்.

அந்தப் புரோகிராமில், திரையில் விரியும் சன்னலை மூட மேலே ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதற்கு ஒரு விரற்கடை கீழே "மூடு" என்று ஒரு பொத்தான். அது ஆர்டரையே மூடி ரத்து செய்வது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தவனை அவர் ஆறு மாதமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். தெரிந்தே இருந்தது. ஆனால் ஜனவரி பதினெட்டை எவ்வளவு துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை. காபி குடித்ததா, யாரோடு பேசியதா, எதுவும் இல்லை. அந்த நாள் அவருக்குள் காலியாக இருந்தது. சன்னல் வரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார்.

பூஸ்ஸே படத்தை எட்டிப் பார்த்தார். "அட, விடு மைலிஸ். புரோகிராம் மேல போடு. நீதான் எல்லார்கிட்டயும் முன்கூட்டியே சொல்லி வச்சிருக்கியே. உன்னை யார் நம்பாம போவாங்க?"

"அழுத்தினது என் விரல்."

"விரல் என்ன பண்ணும்? அங்க அப்படி வச்சிருந்தா?"

"இதையே வேற ஒருத்தன் சொல்லியிருந்தா, சாக்குன்னு சொல்லியிருப்பேன்," என்றார் மைலிஸ். நேற்றுச் சுவரில் விரிந்த சாம்பல் எழுத்தைப் பற்றிச் சொல்ல வாய் துடித்தது. வழக்கு இன்னும் முடியவில்லை.

மேலாளர் அறைக்கு அவரே போனார். மேலாளர் கேட்டுவிட்டு, சோதனை இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போகும், பரவாயில்லை, சிஸ்டம் கோளாறு என்று எழுதிவிடலாம் என்றார்.

"ரெண்டையும் எழுது," என்றார் மைலிஸ். "பொத்தானை அங்க வச்சதையும் எழுது. நான் பார்க்காம அழுத்தினதையும் எழுது."

"ஒரு காரணம்தான் போட முடியும். இந்தப் படிவத்துல ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு."

மைலிஸ் அந்தப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்துக் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், தானே எழுதினார்.

வியாழக்கிழமை காலை சைக்கிளில் நீதிமன்றம் போகும் வழியில் இரண்டு முறை இறங்கினார். உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்ல முடியாது. இன்றைக்கு அந்த மனிதனை விட்டுவிடலாம் என்று தோன்றினால், விடுவது அவனையா, தன்னையா? தண்டிக்கலாம் என்று தோன்றினால், அது நேற்றைய நாளுக்குத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் அடியா? கேள்வி சக்கரத்தோடு சேர்ந்து சுற்றியது. விசாரணை தொடங்கும் முன்பே ஹென்னிங்கைத் தனியாகப் பிடித்து, ஆலையில் நடந்ததைச் சொன்னார். தான் இந்த வழக்கில் உட்காரலாமா என்று கேட்டார்.

ஹென்னிங் கண்ணாடியைத் துடைத்தார். "இந்த வழக்குல யாரையாவது தெரியுமா உனக்கு?"

"இல்ல."

"அப்ப உட்காரலாம். தப்பே பண்ணாதவங்கதான் உட்காரணும்னா, இந்த மேசை காலியாத்தான் கிடக்கும்."

அன்று ரோலந்தின் முறை. பெரிய உடம்பு, சட்டைக் காலர் இறுக்கியது. படம் மாறியது தெரியாது, பார்த்தேன், காலியாக இருந்தது என்று போலீசிடம் சொன்னதையே திரும்பச் சொன்னார். மைலிஸ் மறுபடி அனுமதி கேட்டார்.

"படம் தானா மாறுதுன்னு முன்னாடியே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

நீதிமன்றத்தில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. ரோலந்தின் வக்கீல் குனிந்து மேசையைப் பார்த்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"மூணு தடவை எழுதினேன். மூணு தடவையும் பதில் வந்துச்சு. உங்கள் கருத்துக்கு நன்றின்னு." ரோலந்த் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அப்புறம் எழுதறதை விட்டுட்டேன். பழகிட்டேன். ஒவ்வொரு தடவையும் மூலையைப் பார்க்கணும்னு எனக்கு நானே சொல்லி வச்சிருந்தேன். அன்னைக்குப் பார்க்கல. அந்த அம்மா அங்க இருந்தாங்க, நான் வேற பாலத்தைப் பார்த்துட்டிருந்தேன்."

பின்வரிசையில் பார்ப்ரோ ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

மதியம் இரண்டு பத்துக்கு நால்வரும் உள் அறைக்குப் போனார்கள்: நீதிபதி ஹென்னிங், பண்ணைக்காரர் யார்ல், மருந்துக்கடைத் தெக்லா, மைலிஸ். கதவு சாத்தப்பட்டது. திறந்தபோது மணி நாலே முக்கால். உள்ளே யார் என்ன பேசினார்கள் என்பதை மைலிஸ் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. இரண்டு வாரம் கழித்து வெளியான தீர்ப்பு சொல்வது இவ்வளவுதான்: ஓட்டு இரண்டுக்கு இரண்டாக நின்றது. அப்படி நின்றால் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதே தீர்ப்பு. ரோலந்த் ஹெதீன் விடுவிக்கப்பட்டார். விடுதலைக்கு உடன்படாதவர்கள் என்று கடைசிப் பக்கத்தில் ஹென்னிங்கின் பெயரும் யார்லின் பெயரும் இருந்தன.

ஆலைச் சாப்பாட்டு மேசையில் அன்று, ஸ்வீடன் வழக்கப்படி, வியாழக்கிழமைப் பட்டாணி சூப். பத்திரிகையை மடித்து வைத்த பூஸ்ஸே, "பாலக்காரனை விட்டுட்டாங்களாமே. சட்டம் இளகிப்போச்சுன்னு சொல்லுவியே, சொல்லு பார்ப்போம்," என்று சீண்டினார். மைலிஸ் சூப்பில் சேர்க்கும் கடுகு விழுதுக் குப்பியின் மூடியைத் திருகித் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். வளையங்களுக்கு இரண்டாவது பட்டறை பார்க்க நிர்வாகம் ஒத்துக்கொண்டதை மட்டும் சொன்னார். அதிலும் அவர் குரலில் வெற்றி இல்லை.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம், மழையும் பனியும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. சைக்கிளை வீட்டில் விட்டிருந்ததால் மைலிஸ் பேருந்து நிறுத்தத்தில் நின்றார். பக்கத்தில் வந்து நின்ற பெண் பார்ப்ரோ. இப்போது ஒரே ஒரு ஊன்றுகோல், மறு கையில் விடைத்தாள் கட்டு.

"நீதானே அன்னைக்கு மேசைக்குப் பின்னால உட்கார்ந்து பேர் எங்கன்னு கேட்டவ," என்றார் பார்ப்ரோ.

"ஆமா."

"தீர்ப்பைப் படிச்சேன். உடன்படாதவங்க பேர்ல உன் பேர் இல்ல."

"இல்ல."

"அவன் ஜெயிலுக்குப் போகணும்னு நான் கேட்கல. அதை உனக்குச் சொல்லணும்னு இருந்தேன்." பார்ப்ரோ தெருவின் வளைவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆனா குளிருக்கு இந்தக் கால் மரத்துப்போகும்போதெல்லாம், யாரும் செய்யாமலே இது எனக்கு நடந்திருக்குன்னு அந்தத் தீர்ப்புத் தாள் சொல்லுது. அதுதான் தாங்கல."

மைலிஸ் வாயைத் திறந்தார். கண்டிப்பாக ஒரு கருத்து அங்கே இருந்திருக்கும். பேருந்து வந்து நின்றது.

பார்ப்ரோ முதலில் ஏறினார். ஊன்றுகோல், நல்ல கால், பிறகு மற்றது. படியில் இன்னும் ஒரு கால் இருக்கும்போதே கதவு சீறிக்கொண்டு மூடத் தொடங்கியது. கீழே நின்ற மைலிஸ் முழங்கை வரை கையை இடையில் கொடுத்தார். ரப்பர் விளிம்பு கோட்டுக் கையை அழுத்தியது, விலகியது, மறுபடி வந்து அழுத்தியது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து ஏதோ சொன்னார். பார்ப்ரோ உள்ளே நடந்து, இடம் பார்த்து, விடைத்தாள் கட்டை மடியில் வைத்து, காலை நீட்டி உட்காரும் வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.