டிரைவருக்கு ஒரு பங்கு

பள்ளிக்கூடம் போன காலத்தில் பத்தாவது கணக்கில் நான் பெயில். போன வருசம் மறுபடி எழுதத் துணிந்தேன். எங்கள் தெரு அங்கன்வாடியில் ஒரு இடம் காலியாகிறது, பத்தாவது பாஸ் வேண்டும் என்றார்கள். அது கிடைத்தால் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலை ஏற வேண்டாம். முழங்கால் கும்பிட்டுக் கேட்டது.

வாத்தியார் வீட்டிலேயே இருந்தார். அந்த ஜீப்பை ஓட்டுகிற என் வீட்டுக்காரர்தான். பன்னிரண்டாவது பாஸ். பெண் பார்க்க வந்த அன்று அதைச் சொல்ல ஆரம்பித்தவர், இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

ஒருநாள் பங்கு வைக்கும் கணக்கு ஒன்று கொடுத்தார். சிலருக்குக் கொய்யாப்பழம் ஆளுக்கு மூன்று கொடுத்தால் நாலு மிச்சம். ஆளுக்கு நாலு கொடுத்தால் ஒன்று பற்றாது. எத்தனை பேர்?

ஆட்களை x என்று வைத்து எழுதினேன்: 3(x + 1) + 4 = 4(x + 1) − 1. x நாலு என்று வந்தது. புத்தகத்தில் விடை ஐந்து. அவர் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏத்தா, இந்தக் கூட்டல் ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

"டிரைவருக்குங்க."

எங்கள் ஜீப்பில் முறுக்கோ மாங்காய்க் கீற்றோ எதைப் பங்கு வைத்தாலும், உட்கார்ந்திருக்கிற பெண்களை எண்ணி, டிரைவருக்கு ஒன்று கூட்டித்தான் வைப்போம். அதை நித்தம் வாங்கித் தின்கிறவரே அதட்டினார்.

"கணக்குல ஜீப்பே இல்ல, டிரைவர் எப்படி வருவான்? சொல்லாத ஆளுக்குப் பங்கு கிடையாது. 3x + 4 = 4x − 1. சோலி முடிஞ்சுச்சு!"

பரீட்சையிலும் அதே மாதிரி ஒன்று வந்தது, பிள்ளைகளுக்குப் பென்சில். கை தானாகக் கூட்டல் ஒன்று போடப் போனது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு டிரைவரை இறக்கிவிட்டேன்.

பாஸானேன். வேலையும் கிடைத்தது.

கடைசியாக மலை ஏறிய அன்று ஜீப்பில் எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தேன். ஆளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, பொட்டலம் காலி. வண்டியை எடுக்குமுன் வழக்கம்போல அவர் கையைப் பின்னால் நீட்டினார்.

"சொல்லாத ஆளுக்குப் பங்கு கிடையாதுங்க."

ஜீப்பே குலுங்கச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை.

"சரித்தா. நாளையிலிருந்து இந்த ஜீப்புல கூட்டல் ஒண்ணு போட யாரு இருக்கா?"

என் ஜிலேபியை முழுசாக அவர் கையில் வைத்தேன்.