மாடியில் காய்ந்த மாங்காய்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு மாமரங்கள் இருந்தன. இரண்டு கிளிமூக்கு, ஒன்று செந்தூரா. நான்காவதற்குப் பெயர் கிடையாது, புளிப்பு மட்டும் உண்டு. அந்த மரங்களுக்கும் நைனாவுக்கும் ஆகாது. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஆந்திர எல்லைப் பக்கம் எங்களைப் போன்ற வீடுகளில் அதுதான் வழக்கம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு உலைப் பக்கம் வேலை. எட்டு மணி நேரம் நெருப்புக்கு எதிரே நின்றுவிட்டு வருகிறவருக்கு மரநிழல் பிடிக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரோ அந்த நிழலிலேயே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, மரங்களை எடுத்துவிட்டால் அங்கே எத்தனை ரூம் கட்டலாம் என்று பேசிக்கொண்டிருப்பார். வடக்கேயிருந்து வேலைக்கு வந்த பையன்கள் ஊரெல்லாம் ரூம் தேடி அலைந்த நேரம் அது. நான்கு ரூம் வரும் என்பது அவர் முடிவு. மரத்துக்கு ஒன்று.

அம்மா இதற்குப் பதிலே சொல்லமாட்டாள். சொல்லாமலேயே வருஷங்களை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது, மே மாத விடுமுறையில், ஒரு சாயங்காலம் காற்று அடித்தது. அந்த வருஷம் காய்ப்பு அதிகம். வியாபாரி வந்து பார்த்து, இன்னும் ஒரு வாரம் போகட்டும், வந்து இறக்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். காற்று அந்த ஒரு வாரத்தைக் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் மாங்காய்கள் விழுந்த சத்தத்தில் நான் அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரம்தான். காலையில் எழுந்து பார்த்தால் மரத்தடியில் கால் வைக்க இடமில்லை.

வியாபாரி வந்தார். குனியக்கூட இல்லை, ஒரு காயைச் செருப்பு நுனியால் உருட்டிப் பார்த்தார்.

"கீய வியுந்த காயி எனக்கு வேணாம்மா. பழுக்க வெச்சா உள்ளாற கருத்துப்பூடும். ஆட்டுக்குப் போடு."

நைனா அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாகக் காத்திருந்த சந்தர்ப்பம் அவருக்குக் கிடைத்துவிட்டது.

"பாத்தியா, ஒரு காத்துக்குத் தாங்கல. ஆவணி பொறந்ததும் ஆள இட்டாந்து வெட்டிடறேன்" என்றார்.

"ஒரு காய் கூட வீணாப் போவாது" என்றாள் அம்மா. "அப்டிப் போவலன்னா மரம் நிக்கணும். சரியா?"

"இத்தினி காயயும் இன்னா பண்ணுவ?"

"வத்தல் போடுவேன்."

நைனா சிரித்தார். "கரி கொட்ற ஊர்ல வத்தலா? போடு, போடு."

அவர் சிரித்ததில் நியாயம் இருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் புகைபோக்கிகள். அவர் வேலை செய்த தொழிற்சாலையில் புகையை வடிகட்டப் பெரிய பெரிய துணிப் பைகள் கட்டியிருப்பார்களாம். அவற்றில் கரி சேர்ந்ததும் உதறுவார்கள். உதறுகிற அன்றைக்குக் காற்று எங்கள் பக்கம் வீசினால், கொடியில் காயும் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். எப்போது உதறுவார்கள் என்று நேரம் காலம் கிடையாது. அதனாலேயே எங்கள் தெருவில் யாரும் மாடியில் வடகம், வத்தல் எதுவும் போடுவதில்லை.

அம்மா இதையெல்லாம் யோசித்தவளாகத் தெரியவில்லை. பஜாரிலிருந்து ஒரு மூட்டை கல்லுப்பு வந்தது. மஞ்சள்தூள் வந்தது. குளிக்கிற தொட்டியைப் போல இருந்த இரண்டு பிளாஸ்டிக் டப்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அடிபட்ட இடத்தை மட்டும் செதுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பத்தைகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி டப்பில் ஊறப்போட்டாள். அரிவாள்மனையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டாள். விரல் இடுக்குகளில் புளிப்பு ஏறித் தோல் வெடித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அரிந்தாள். கொட்டை பொறுக்குவதும் தண்ணீர் கொண்டுவருவதும் என் வேலை.

ஊறிய பத்தைகளை வெயிலில் காயவைக்க வேண்டும். சாயங்காலம் அள்ளிக்கொண்டுவந்து மறுபடியும் அதே உப்புத் தண்ணீரில் போட வேண்டும். அந்தத் தண்ணீர் மொத்தமும் பத்தைகளுக்குள் ஏறுகிறவரை இப்படிப் போட்டு எடுத்து, பிறகு சருகுபோலக் காயவிட வேண்டும். அப்படிச் செய்தால் இரண்டு வருஷமானாலும் கெடாது என்றாள். முதல் நாள் மாடி முழுக்கப் பழைய புடவைகளை விரித்துப் பரப்பினோம். மாடி மஞ்சளாக இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் கரி விழுந்தது.

அம்மா எல்லாவற்றையும் அள்ளிக் கீழே கொண்டுவந்து, உப்புத் தண்ணீர் தனியாகக் கலந்து, ஒவ்வொரு பத்தையாக அலசினாள். தெரு விளக்கு போட்ட பிறகும் அலசிக்கொண்டிருந்தாள். நைனா வந்து பார்த்தார். ஒரு பத்தையை எடுத்து விரலால் தடவி, அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் சிரிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து அவருக்குக் காலை ஷிப்டு. விடியற்காலை, ஆறு மணி ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் என்னை எழுப்பினார்.

"பாப்பா, அம்மா போன நீ கையிலயே வெச்சிக்கினு இரு. பைய ஒதறப் போனாங்கன்னா என் போன்லேர்ந்து அடிப்பேன், எடுத்துப் பேசாத. கட் பண்ணு. கட் பண்ணாக்கா நீ பாத்துட்டன்னு எனக்குத் தெரியும். ஒடனே ஓடிப் போயி தார்ப்பாய இழுத்து வத்தல மூடிடு."

"அம்மா கேட்டா?"

"மழ வர்ற மாதிரி இருந்திச்சுன்னு சொல்லு."

கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. வானத்தில் மேகத்தின் பொட்டுகூட இல்லை. ஆனாலும் நான் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, மழை வருகிற மாதிரி இருந்தது என்று சொன்னபோது, அம்மா வானத்தை அண்ணாந்து பார்த்து, "ஆமா, இருக்குது" என்றாள். பத்து நிமிஷத்தில் தார்ப்பாயின் மேல் கறுப்பாகப் பொடி படிந்திருந்தது. துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டுத் திறந்தோம். உள்ளே பத்தைகள் மஞ்சளாகவே இருந்தன.

மரம் வெட்ட வேண்டும் என்றவர் எதற்காக வத்தலைக் காப்பாற்றுகிறார் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு அது ஒரு விளையாட்டு. தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது மற்றவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய நெருப்பையே அடக்குகிறவரை ஒரு சின்னப் போனுக்காக யார் தடுத்து நிறுத்தப் போகிறார்கள்?

நான்கு நாள் இப்படியே நடந்தது. சில நாள் ஒரு தடவை அடிக்கும், சில நாள் இரண்டு தடவை. முதல் ரிங் முழுதாக அடிப்பதற்குள் கட் பண்ணிவிடுவேன். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

ஐந்தாம் நாள் ஐஸ் வண்டி வந்தது. அம்மா தெருக்கோடிக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். போனை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துவிட்டு, கை நிறைய மாங்காய்ப் பத்தையை அள்ளிக்கொண்டு கீழே ஓடினேன். வண்டியைச் சுற்றி நின்ற பிள்ளைகளுக்குப் பத்தை கொடுத்தால் அவர்கள் பால் ஐஸைக் கடிக்கக் கொடுப்பார்கள். ஐந்து பேரிடம் ஐந்து கடி வாங்கினேன். பிறகு அவர்களோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

திரும்பி வந்தபோது மாடி கறுத்திருந்தது. போனில் பதினோரு மிஸ்டு கால்.

ஒரு பொத்தானை அழுத்தினால் திரையிலிருந்து அது போய்விடும் என்று எனக்குத் தெரியும். அழுத்தினேன். போய்விட்டது. பிறகு தார்ப்பாயை எடுத்து, கரி விழுந்த பத்தைகளின் மேலேயே போட்டு மூடினேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அம்மா குடத்தோடு வந்தாள். மேலே வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"போன் வர்லியா?" என்றாள். முதல் முறையாக அன்றுதான் அவள் போனைப் பற்றிப் பேசினாள்.

"அடிக்கவே இல்லம்மா."

அவள் என்னைத் திட்டவில்லை. புடவையின் நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, "ஒரு பக்கம் புடி" என்றாள். கீழே கொண்டுபோய் மறுபடியும் டப்பில் கொட்டினோம். பாதி காய்ந்த பத்தையில் ஒட்டிய கரி அலசினால் போகாது. விரலால் தேய்த்தால்தான் போகும். அம்மா ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அப்போது நைனா உள்ளே வந்தார். இரண்டு மணிக்கு முடிகிற ஷிப்டு. மணி பன்னிரண்டுகூட ஆகியிருக்காது. டப்பைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"போன் அடிக்கவே இல்ல நைனா."

அவர் கையில் இருந்த சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டினார். அதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"டவர் இல்லியோ இன்னாவோ" என்றார்.

"நீ ஏன் இப்பவே வந்துட்ட?" என்று அம்மா கேட்டாள்.

"லீவு குடுத்துட்டாங்கோ. ஒரு வாரம்."

அம்மாவின் கை டப்புக்குள் அப்படியே நின்றது. பிறகு மறுபடி தேய்க்கத் தொடங்கியது. நைனா சட்டையைக் கழற்றிவிட்டு அவள் எதிரே உட்கார்ந்து ஒரு பத்தையை எடுத்தார்.

அந்த ஒரு வாரத்தைப்போலச் சந்தோஷமான வாரம் எனக்கு அந்த விடுமுறையில் வேறு இல்லை. நைனா பகலெல்லாம் வீட்டில் இருந்தார். சவுக்குக் கம்பு நட்டு, கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டி, அதற்கு மேல் கண்ணாடிபோன்ற பாலிதீன் விரித்து, மாடியில் ஒரு கூடாரமே போட்டார். வெயில் உள்ளே வரும், கரி வராது. பக்கவாட்டில் காற்றுப் போக வழியும் விட்டிருந்தார். இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று அம்மா கேட்டாள். "மொத நாளு எனக்கு லீவு இல்லியே" என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாசலில் யாராவது வந்து நைனாவைக் கேட்டால் மட்டும், மேலே வேலையாக இருக்கிறார் என்று அம்மா சொல்லி அனுப்பிவிடுவாள்.

கூடாரத்துக்குள் பத்தைகள் சுருங்கி, ஓரம் மடங்கி, கையில் அள்ளினால் சலசலக்கத் தொடங்கின. ஒன்றரைச் சாக்கு வத்தல் தேறியது. அம்மா அதை நன்றாக ஆறவிட்டு, ஈரம் துளியும் இல்லாத தகர டின்களில் கொட்டி, மூடியின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் வத்தக்குழம்பு மணத்தது. மறுவருஷக் காய் இறங்கும்போதுகூடக் கடைசி டின்னில் பாதி மிச்சம் இருந்தது. ஆவணி வந்தது, போனது; ஆள் வரவில்லை. நைனா ரூம் பேச்சை எடுக்கவே இல்லை. நான்கு மரங்களும் இன்றைக்கும் நிற்கின்றன.

லீவு முடிவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நைனா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"உன் கையெழுத்து நல்லா இருக்கும். ஒரு லெட்டர் எழுதணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலாம் வகுப்பில் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அனுப்புநர், பெறுநர், ஐயா என்று நானே வரிசையாகப் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நடந்தது தவறுதான் என்று ஒப்புக்கொள்கிறேன், இனி ஒருபோதும் அப்படி நடக்காது, குடும்பத்தை நினைத்து என்னை மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

"இன்னா தப்பு நைனா பண்ண?"

"அது ஒண்ணுமில்ல. ஒரு ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட மறந்துட்டேன். என் கவனக்குறைவால நடந்துபோச்சுன்னு எழுது."

கவனக்குறைவு என்பதை எழுத்துக்கூட்டி, பிழையில்லாமல் எழுதினேன். 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டேன். நைனா அந்த இடத்தில் தன் பெயரை மெதுவாக எழுதினார். அம்மா அடுப்பங்கரையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தாளை வாங்கி முழுவதும் படித்தாள். என் தலையில் கை வைத்தாள். அழகாக எழுதியதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் ஒரு தாள் இருந்தால் கொடுங்கள், இதைவிட நன்றாக எழுதிக்காட்டுகிறேன் என்று கேட்டேன். 'என் கவனக்குறைவால்' என்று நான் குண்டு குண்டாக எழுதியிருந்த அந்த வரியில், 'என்' என்பது, பதினோரு தடவை போனை அடிக்கவிட்ட நான்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.