கிளெனிஸ் துப்புத் துலக்கப் போன நாள்

கிளெனிஸ் பைபஸ் யாரையும் நம்பமாட்டாள். பால் வாங்கினால் கடையிலேயே மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள். வானொலியில் வெயில் என்று சொன்னால் குடையோடு வருவாள். டாஸ்மேனியாவில் எங்கள் பள்ளத்தாக்குக்குத் தபால் வண்டி ஓட்டுகிறவள் அவள்தான். நான் பெட்ரோல் பங்கில் சிப்பிக்கறி பப்ஸ் விற்கிறேன். அதையும் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள், மகராசி.

அவள் மனம் இளகுவது வோம்பாட் குட்டிகளிடம் மட்டும்தான்; கங்காரு மாதிரி வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கிற, வளை தோண்டி வாழ்கிற குண்டுப் பிராணி அது. சாலையோரம் வோம்பாட் அடிபட்டுக் கிடந்தால், வண்டியை நிறுத்தி அதன் வயிற்றுப் பைக்குள் கைவிட்டுப் பார்க்காமல் நாங்கள் யாரும் போகமாட்டோம். தாய் செத்திருந்தாலும் உள்ளே குட்டி உயிரோடு இருக்கும். கிளெனிஸ் அப்படி எடுத்த குட்டிதான் பிஸ்கட். தலையணை உறைக்குள் போட்டு, தபால் மூட்டைகளுக்கு நடுவே வைத்து, தன் டீசல் வண்டியில் ஊர் சுற்றியபடியே புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். வளர்ந்ததும் விலங்குப் பூங்காவில் ஒப்படைத்தாள். அவர்கள் பழக்கி மலையில் விடுவார்கள். விட்டுவிட்டோம் என்று போன வருஷம் செய்தியும் வந்தது.

போன வாரம் ஒரு சுற்றுலாக்காரி என் கடையில் பூங்காப் படங்களைக் காட்டினாள். ஒன்றில் பிஸ்கட், இடது காதில் குட்டியிலிருந்தே இருந்த அதே வெட்டோடு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கிளெனிஸிடம் சொல்லித் தொலைத்தேன்.

"காட்டுல விட்டாங்களாம், காட்டுல! டிக்கெட் போட்டுக் காட்டிட்டு இருக்கானுங்கடி!" என்று குதித்தாள்.

அப்போது அவள் ஸ்வெட்டருக்குள் இன்னொரு குட்டி இருந்தது. அதையும் இந்த மாதம் ஒப்படைக்க வேண்டும்.

"பிஸ்கட் அங்க இருக்கறது மட்டும் நெசமா இருக்கட்டும், இவள நான் குடுக்கவே மாட்டேன். குட்டி வளக்குற லைசென்ஸ் போனாலும் சரி."

"வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? வளந்தா உன் சோபாவயே தோண்டிப்புடும்."

"தோண்டட்டும். அந்தத் திருட்டுப் பயலுங்களுக்குக் காட்சிப் பொருளா ஆக்கமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கண்ணாடி, தொப்பி சகிதம், என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டு தபால் வண்டியிலேயே பூங்காவுக்குப் புறப்பட்டாள். குட்டி கோட்டுக்குள்ளேயே இருந்தது. வீட்டில் விட்டுவர அவளுக்கு ஆளில்லை, நம்பிக்கையும் இல்லை. டிக்கெட் கொடுத்த பெண் அவள் வயிற்றைப் பார்த்தாள், பிறகு நரைத்த தலையைப் பார்த்தாள். மீதிச் சில்லறையை நீட்டினாள்.

உள்ளே கங்காருக்கள் மரநிழலில் சாய்ந்து கிடந்தன.

"மயக்க மருந்து குடுத்திருக்கான்" என்றாள்.

"மத்தியானம் தூங்காம வேற என்னடி பண்ணும்?"

அவள் காதில் வாங்கவில்லை. டாஸ்மேனியப் பேய் என்கிற கறுப்பு விலங்குகளின் முகத்தில் கட்டி வரும் நோயைப் பற்றியும், நோயில்லாத குட்டிகளை இங்கே பெருக்குவதைப் பற்றியும் பூங்காப் பெண் ஒருத்தி விளக்கிக்கொண்டிருந்தாள். "உண்டியல் எங்க வெச்சிருக்கா பாரு" என்று இவள் முணுமுணுத்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

வோம்பாட் கொட்டகையில் பூங்கா ஊழியனான ஓர் இளைஞன் பிஸ்கட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். கையும் களவுமாகப் பிடித்த மாதிரி கிளெனிஸ் என் கையைக் கிள்ளினாள். வேலியோரம் போய், "பிஸ்கட்" என்று மெல்லக் கூப்பிட்டாள். அது திரும்பவே இல்லை.

அந்த நேரம் வெளியே சுற்றுலா பஸ் ஒன்று கிளம்ப உறுமியது. பிஸ்கட் துள்ளி இறங்கி, வாசல் கதவுக்கு ஓடி, மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது.

"எப்பவும் இப்படித்தாம்மா" என்றான் அந்த இளைஞன். "ரெண்டு தடவ மலைல விட்டோம். ரெண்டு தடவையும் ரோட்டுக்கு இறங்கி வந்துட்டா. டீசல் வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், பின்னாலயே ஓடுறா. இன்னொரு தடவ விட்டா சக்கரத்துலதான் மாட்டுவா. அதான் இங்கயே வெச்சிட்டோம்."

"வளத்தவங்ககிட்ட சொல்ல வேண்டாமா?" என்றாள் கிளெனிஸ்.

"போன் பண்ணோம்மா. விஷயத்தச் சொல்றதுக்குள்ள 'உன் பித்தலாட்டத்த வேற எங்கயாவது வெச்சுக்கோ'ன்னு திட்டிட்டு வெச்சிட்டாங்க. வண்டிக்குள்ளயே பால் குடுத்து வளத்திருக்காங்க போல. அவளுக்கு அந்தச் சத்தம்தான் அம்மா. பாவம், அவங்களும் பாசத்துலதான் செஞ்சிருப்பாங்க."

பொய் சொல்கிறான் என்று கத்தப் போகிறாள் என நினைத்தேன். அவளோ கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கதவடியில் பறித்துக்கொண்டிருந்த பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

பிறகு கோட்டைத் திறந்து குட்டியை எடுத்தாள். முகத்தில் ஒருமுறை ஒற்றிக்கொண்டு அந்த இளைஞனிடம் நீட்டினாள். பிஸ்கட்டை வளர்த்தவள் இவள்தான் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் சிவந்துபோய் ஏதோ சொல்ல வந்தான்.

"ஒண்ணும் சொல்லாத தம்பி" என்றாள். "இவள உள்ள தூரமா கொண்டு போயிடு. அதுவரைக்கும் நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணமாட்டேன்."