தங்கத் தட்டைத் துடைத்தவர்

என் அக்காவைக் கட்டியவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், அவருடைய கைக்குட்டை எப்போதும் வெள்ளை வெளேரென்று இருக்கும் என்பேன். அதுவும் அக்காவின் உழைப்பு. நாலாக மடித்து இஸ்திரி போட்ட கைக்குட்டை தினம் ஒன்று சட்டைப் பையில் ஏற வேண்டும். மடிப்பு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அன்று காலை வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. குடிக்கிற தண்ணீரைக்கூட அவர் எழுந்து எடுத்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே "தண்ணி" என்பார். அக்கா எந்த அறையில் இருந்தாலும் ஓடி வர வேண்டும்.

அத்தானும் நானும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். பெரிய விளக்குகளுக்குள் ஒளியைத் திருப்ப வைக்கும் பளபளப்பான உலோகத் தகடுகள் அங்கே தயாராகின்றன. பளபளப்பு மங்காமலிருக்கத் தகட்டின் மேல் ஒரு பூச்சு போடுவோம். கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய பூச்சு அது. பூச்சுப் பிரிவு என் பொறுப்பு. பூசிய தகடுகளை உலையில் வைத்துச் சுடுவது உலைக்காரரின் வேலை. எங்கள் இருவருக்கும் தீர்ப்பு சொல்வதற்கென்று மாடியில் ஒரு குளுகுளு அறையில் அத்தான் உட்கார்ந்திருந்தார்.

அவர் செய்யும் சோதனை ஒன்றும் மந்திரமில்லை. அகச்சிவப்பு ஒளியைத் தகட்டின் மேல் நன்றாகச் சாய்த்து விழவைத்து, பட்டுத் திரும்பி வருவதைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பூச்சில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய இடத்தில் கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடும். அந்த இடத்தில் திரையில் ஓடும் கோடு மேடாக எழும். எவ்வளவு விழுங்கியது என்று தெரிய, பூச்சே இல்லாத வெறும் தட்டு ஒன்றை முதலில் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் எல்லாம். அதற்காகத் தங்க முலாம் பூசிய உள்ளங்கையகலத் தட்டு ஒன்று இருந்தது.

அந்தத் தட்டு வந்த நாளிலிருந்து அத்தானுக்குத் தலையில் கொம்பு முளைத்துவிட்டது. அதைப் பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வேறு யாரும் தொடக் கூடாது. காலையில் வெளியே எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்து, "ஹா" என்று ஊதி, கைக்குட்டையால் துடைப்பார். துடைப்பதற்கென்றே ஆலை தரும் காகிதமும் திரவமும் அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. காகிதம் கீறிவிடுமாம். துடைத்த பிறகு அதில் தன் மீசையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைத் தங்கத்தட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். நானும்தான்.

திடீரென்று ஒரு மாதம் எங்கள் தகடுகள் வரிசையாகத் தோற்க ஆரம்பித்தன. பூச்சில் எண்ணெய்ப் பசை போன்ற ஒரு பகுதி உண்டு. உலை அதிகம் சூடானால் முதலில் கருகுவது அதுதான். அது கருகிவிட்டது என்று அத்தான் அறிக்கை கொடுத்தார். வரைபடத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். படித்துப் புரிந்துகொள்ள வயது போதாது என்றார். நான் படித்ததும் அதே படிப்புதான், எனக்கு நரையும் விழுந்தாயிற்று. மேலாளரிடம் போனால், சொந்தக்காரர்கள் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வாயை அடைத்தார்.

உலைக்காரர் சூட்டை மாற்றவே இல்லை. அவர் சொன்னதை யார் கேட்டார்கள்? பிரிவுக் கூட்டத்தில் எல்லோரும் நிற்கும்போது, "கவனமில்லாத ஆள், உலைகிட்ட தூங்குறார்" என்று அத்தான் கூசாமல் சொன்னார். மேலாளர் உலைக்காரரை வீட்டுக்கு அனுப்பினார். தகடு வாங்கும் கம்பெனியிலிருந்து ஆள் வந்து நேரில் பார்த்து, அந்தச் சோதனையிலும் தகடுகள் தோற்றால் உலைக்காரர் திரும்பி வரவே வேண்டாம் என்று முடிவானது. அவருக்குத் தெரிந்தது அந்த உலை ஒன்றுதான்.

வந்தவர் ஒரு பெண் பொறியாளர். அத்தான் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாடம் நடத்தத் தொடங்கினார். தங்கத் தட்டை எடுத்தார், ஊதினார், துடைத்தார், அளந்தார். பிறகு என் தகட்டை வைத்தார். மற்ற மேடுகள் எல்லாம் ஒழுங்காக எழுந்தன. எண்ணெய்ப் பசையின் இடத்தில் கோடு குழியாக இறங்கியது. பார்த்தீர்களா, கருகிவிட்டது என்று வெற்றிக் களிப்போடு திரும்பினார். அந்தப் பெண் திரையைப் பார்த்தபடி, தட்டை இன்னொரு தடவை துடைத்து அளக்க முடியுமா என்று கேட்டார். அத்தான் உற்சாகமாக அழுத்தித் துடைத்தார். குழி இன்னும் ஆழமானது.

"பூச்சுல அந்தப் பொருள் ஒண்ணுமே இல்லன்னாலும் கோடு மட்டமாதானே சார் இருக்கும்? அதுக்குக் கீழ எப்படிப் போகும்?" என்றார் அந்தப் பெண்.

இல்லாததைவிடக் குறைவாக எதுவும் இருக்க முடியாது. குழி விழுகிறதென்றால் ஒப்பிட வைத்த தட்டில்தான் பசை இருக்கிறது. இந்த வேலைக்கு வரும் யாரும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற சங்கதி இது. அந்தப் பெண் அலமாரியில் கிடந்த காகிதத்தையும் திரவத்தையும் எடுத்து, தங்கத் தட்டைத் துடைத்து, எங்கள் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். எதிலும் குறையில்லை.

பிறகு அத்தானின் கைக்குட்டையை வாங்கி மோந்து பார்த்தார். கமகமவென்று இருந்தது. மூக்குக்குச் சொரசொரப்பாக இருக்கிறது என்று அவர் வீட்டில் ஆர்ப்பாட்டம் செய்ததால், தகடுகள் தோற்பதற்குக் கொஞ்சம் முன்பிருந்து துணியை மிருதுவாக்கும், எண்ணெய்போல வழவழப்பான திரவம் ஒன்றை வாங்கி அக்கா கடைசி அலசலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த வழவழப்புதான் தினமும் தட்டில் ஏறியிருக்கிறது. இது தெரிந்ததும் அத்தான் சொன்னது இதுதான்: "வீட்டுல துவைக்கிறதுல ஏதோ தப்பு நடந்திருக்கு." அப்போதுதான் எனக்கு அவர் மேல் மிச்சமிருந்த மரியாதையும் போனது.

மேலாளர் உலைக்காரரைக் கூட்டிவரச் சொல்லி என்னை அனுப்பினார். வந்தார். உலையின் கதவைத் தொடக்கூட இல்லை. அத்தானுக்கு எதிரில் போய் நின்றார்.

"எல்லார் முன்னாலயும்தானே சொன்னீங்க. அது தப்புன்னு எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நான் இப்பவே வேலையில இறங்குறேன்."

அத்தான் தொண்டையைச் செருமினார். அளவு முறையில் சில திருத்தங்கள் செய்யப்பட்டுள்ளன, இனி யாருக்கும் சிரமம் இருக்காது என்று என்னென்னவோ சொல்லிப் பூசி மெழுகினார். உலைக்காரர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு மேலாளருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். மேலாளர் பின்னாலேயே ஓடியும் நிற்கவில்லை. மன்னிப்பு என்ற சொல் அத்தான் வாயில் வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? இப்போது உலையைப் பார்க்கப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். முதல் வாரம் நிஜமாகவே கருக்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அத்தான் நடுநாயகமாக உட்கார்ந்து, தட்டில் பசை ஏறுகிற ஆபத்தைத் தான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எனக்கே விளக்கினார். அதைப் பற்றி வெளியூரில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அக்கா பரிமாறி முடித்துவிட்டு, தன் தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, அந்த உலைக்காரர் வீட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்டாள்.

அத்தான் "தண்ணி" என்றார்.

அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் இரண்டாவது தடவையும் சொன்னார். அவள் அடுத்த கவளத்தை நிதானமாக உருட்டினாள். நாற்காலி தரையில் இழுபட்டது. சமையலறையில் அத்தான் தம்ளர் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து தேடுவது எங்களுக்குக் கேட்டது. நாங்கள் சொல்லவில்லை.