பைக்குள் குளிர்காலம்

தமன்ஹூர் நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது அவாதிஃபின் ராஜ்யம். போலீசார் கைப்பற்றிய பொருளெல்லாம் அங்கேதான் வந்து அடையும். ரத்தம் காய்ந்த கத்தி, கஞ்சாப் பொட்டலம், பாதி எரிந்த மணப்பெண் உடை என்று எதுவானாலும் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி, முடிச்சின்மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, பிடித்த அதிகாரியின் பெயர் முத்திரையை அதில் அழுத்திவிடுவார்கள். அரக்கு உடையாமல் காப்பதுதான் அவாதிஃபின் வேலை. கணவன் போன பிறகு வீட்டில் சண்டை போட ஆளில்லாததால் அதையும் அலுவலகத்திலேயே போட்டாள். குமாஸ்தாக்கள் அவளைக் கண்டால் 'ஹஜ்ஜா' என்று மரியாதையாகச் சொல்லி, படியில் வழிவிட்டு நிற்பார்கள்.

காலையில் கிடங்கைத் திறந்ததும் பைகளுக்கு சலாம் சொல்வது அவள் வழக்கம். டீ கொண்டுவரும் ஷலபி அதற்குச் சிரிப்பான்.

"இதுல பாதி, செத்தவங்க சாமான்டா. ஒரு சலாம் சொன்னா எனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?" என்பாள்.

வசந்தத்தில் ஒரு லேப்டாப் வந்தது. நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பஹ்கத்துடையது. ஒரு விதவையின் வீட்டை விழுங்க, ஜனவரி மாதம் அவன் கள்ளப் பத்திரம் தயாரித்தான் என்பது வழக்கு. "பெட்டியைத் திறந்து பாருங்க, அதுல ஒண்ணும் இல்ல" என்று விலங்கோடு போகும்போதெல்லாம் அவன் கத்திக்கொண்டே போனான். அவாதிஃபுக்கு அவனைப் பிடிக்கும். அவள் காகிதத்துக்கு எப்போதும் ஒரு நகல் கூடுதலாக எடுத்துத் தருவான்.

ஜூன் தொடக்கத்தில், பஹ்கத்தைப் பிடித்த போலீஸ் அதிகாரி நஷாத் பாஷா படியிறங்கி வந்தார்.

"ஹஜ்ஜா, அந்த லேப்டாப் பை ஒரு நாளைக்கு வேணும். ரிப்போர்ட்ல ஏதோ நம்பர் விட்டுப்போச்சு."

"வழக்குரைஞர் உத்தரவு எங்க பாஷா?"

"பின்னாலயே வருது. என்னை நம்ப மாட்டீங்களா?"

அரசு வழக்குரைஞரின் உத்தரவு வேண்டும், பிடிபட்டவனோ அவன் வக்கீலோ பக்கத்தில் நிற்க வேண்டும், அப்புறம்தான் அரக்கை உடைக்கலாம் என்பது சட்டம். இது அவாதிஃபுக்கும் தெரியும், சுவருக்கும் தெரியும். ஆனாலும் பாஷா கேட்டால் பை போகும். இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்தது. கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை பை திரும்பி வந்தது. அரக்கு முழுசாக இருந்தது, பாஷாவின் பெயரும் தெளிவாக இருந்தது. நிறம் மட்டும் கொஞ்சம் புதுசாகப் பட்டது. உத்தரவு வரவே இல்லை. அவள் பையைக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

அன்று பிற்பகல் வீட்டுக்குக் கிளம்ப அவள் சாவியை எடுத்தபோது, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது.

மெல்லிய குரல். சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ நின்று சொல்வதுபோல இருந்தது. ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் மண்தான். டம்ளர் எடுக்க வந்த ஷலபி அப்படியே நின்றுவிட்டான்.

"யார் போன் ஹஜ்ஜா?"

"என் போன் கைப்பையில செத்துக் கிடக்கு."

இருவரும் குரல் வந்த பக்கம் போனார்கள். கீழ்த்தட்டு. லேப்டாப் பை. அவாதிஃப் கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றிபோலச் சுட்டது. அரக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஜின்னு," என்றான் ஷலபி. "நல்லவேளை, தொழுகிற ஜின்னா இருக்கு."

பாங்கு முடிந்தது. கிடங்கைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அவள் கிளம்பினாள்.

வீட்டில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகையான அசருக்குப் பாங்கு சொன்னார்கள். கத்தி நின்றது. இப்போதுதான் அசர் என்றால், கிடங்கில் கேட்டது எந்தத் தொழுகைக்கு? கோடையில் அசரை அவள் வீட்டில்தான் தொழுவாள். பொழுது சுருங்கும் குளிர்காலத்தில் மட்டும் கிளம்புவதற்கு முன்பே, கிடங்கிலேயே பாய் விரித்துவிடுவாள். அவள் கேட்டது அந்தக் குளிர்கால நேரம். வெளியே ஜூன் வெயில் கொளுத்த, அந்தப் பைக்குள் மட்டும் ஜனவரி நடந்துகொண்டிருந்தது.

பஹ்கத்மேல் சுமத்திய பத்திரத்துக்கும் ஜனவரிதான்.

மறுநாள் பை ஜில்லென்று கிடந்தது. சத்தமில்லை. ஷலபியைக் கூப்பிட்டாள்.

"நேத்து கேட்டியே, அதை நாலு பேர் முன்னாடி சொல்வியா?"

"நான் எதையும் கேக்கல ஹஜ்ஜா. எனக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணுங்க நிக்குது."

அவளுக்கும் ஓய்வு பெறச் சில வருஷமே பாக்கி. வாயைத் திறந்தால், உத்தரவில்லாமல் பையைக் கொடுத்தது முதலில் வெளியே வரும். வேலை போகும், ஓய்வூதியம் போகும், கம்பியும் எண்ணலாம். திறக்காவிட்டால் பஹ்கத் எண்ணுவான். அந்த மாதம் முழுக்க அவள் யாரோடும் சண்டை போடவில்லை. குமாஸ்தாக்கள் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

ஜூலையில் அரக்கு உடைக்கும் நாள் வந்தது. இளவயது அரசு வழக்குரைஞர், பஹ்கத், அவன் வக்கீல், கணினி பார்க்கும் நிபுணர். கதவோரம் நஷாத் பாஷா சாய்ந்து நின்றார். வழக்குரைஞர் தலை நிமிராமல் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"முத்திரை சரியா இருக்கா?"

"இருக்குங்க." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பஹ்கத்தின் மணிக்கட்டில் விலங்கு உரசிய புண் கண்ணில் பட்டுத் தொலைத்தது. "ஆனா ஒரு நாள் இந்தப் பையை பாஷாகிட்ட கொடுத்தேன். உத்தரவு இல்லாம. தப்பு என்னுது. திரும்பி வந்த அன்னிக்கு உள்ளேயிருந்து பாங்கு சொல்லுச்சு. குளிர்கால அசர் நேரத்துக்கு."

"ஹஜ்ஜாவுக்கு வெயில் தலைக்கேறிடுச்சு," என்றார் பாஷா. நிபுணர் சிரித்தார். வழக்குரைஞர் சிரிக்கவில்லை.

"நெட் இணைப்பு கொடுக்காதீங்க. முதல்ல அதுல என்ன தேதி ஓடுதுன்னு பாருங்க."

மின்சாரம் கொடுத்துத் திறந்தார்கள். மூலையில் தேதி தெரிந்தது. பிப்ரவரி. பாஷா கதவை விட்டு நிமிர்ந்தார். பத்திரத்தில் பழைய தேதி விழுவதற்காக யாரோ கடிகாரத்தை ஜனவரிக்குப் பின்தள்ளிவிட்டு, திருப்பி வைக்க மறந்திருந்தார்கள். பைக்குள் அது ஜனவரியைக் கடந்து பிப்ரவரிக்கு வந்திருந்தது. கள்ளப் பத்திரம் அரக்கு வைத்த பிறகு உள்ளே புகுந்தது என்று நிபுணரே எழுதிக் கொடுத்தார். வழக்கு உடைந்தது, பாஷாமேல் விசாரணை வந்தது. அவாதிஃபுக்குச் சம்பளத்தில் பிடித்தமும் கடைசி எச்சரிக்கையும் கிடைத்தன. வேலை தப்பியதே பெரிது என்று அவள் அழுதாள்.

வெளியே வந்த பஹ்கத் ஒரு பெட்டி பஸ்பூசா இனிப்போடு படியிறங்கி வந்தான். கிடங்கு வாசலில் வைத்து அவள் கையை முத்தமிட்டான்.

"நீங்க வாயைத் திறக்கலேன்னா நான் உள்ளேயே செத்திருப்பேன் ஹஜ்ஜா."

"நான் எங்கடா சொன்னேன், உன் பெட்டியில்ல சொல்லுச்சு! பை தொட்டா சுட்டுது தெரியுமா?"

"சுடும். பிரிண்ட் பாதியில நிக்கக் கூடாதுன்னு, மூடினாலும் ஓடுறாப்ல வச்சிருந்தேன். பாஷா மூடினதும் அணைஞ்சிடுச்சுன்னு நினைச்சிருப்பாரு."

"நல்ல குரல்டா அது. எந்த ஊர் பள்ளிவாசல்ல பதிஞ்சே?"

பஹ்கத் அவளை ஒருமாதிரி பார்த்தான்.

"குரலா? தொழுகை நேரம் வந்தா திரையில பச்சையா எழுத்து வரும், அவ்வளவுதான். டீ கொட்டி ஸ்பீக்கர் செத்து ரெண்டு வருஷமாச்சு. அதுல ஒரு சத்தமும் வராது ஹஜ்ஜா."

அவாதிஃப் திரும்பினாள். பின்னால் தட்டோடு நின்ற ஷலபியின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நான் கேட்டேன்," என்றான் அவன், யாரும் கேட்காமலே.

மறுநாள் காலை கிடங்கைத் திறந்தவள் வழக்கம்போல பைகளுக்கு சலாம் சொல்ல வாயெடுத்தாள். பதில் வந்துவிடுமோ என்று பயந்து, சொல்லாமலே உள்ளே போனாள்.