சிவப்புப் புள்ளி வைத்த வீடு

கொரோனா இரண்டாம் அலையில் கீழ்வேளூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தன்னார்வ நர்சுகளை என் செல்போன் வழியாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆக்சிஜன் குறைந்தவர் இருக்கும் வீட்டுக்கு மேப்பில் சிவப்புப் புள்ளி வைத்து வாட்ஸப் குழுவில் போடுவேன். பக்கத்தில் இருக்கும் நர்சு கிளம்புவார். கதவு எண் இல்லாத தெருக்களுக்கு வழி சொல்ல, ஓர் ஊரில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிடுபவரையும் குழுவில் சேர்த்தேன். புத்தி கெட்ட வேலை.

அவர் கெட்டவர் இல்லை. இன்றைக்கு எந்த வயலுக்குத் தண்ணீர் என்று தினமும் காலையில் ஊர்க் குழுவுக்கு அனுப்பிப் பழகியவர். அதே பழக்கத்தில் என் மேப்பையும் அங்கே தள்ளிவிட்டார்.

நானும் ஒரு நர்சும் பைக்கில் ஆம்புலன்ஸோடு போனபோது, நோய் தெருவுக்குள் பரவிவிடும் என்று பயந்த ஊர்க்காரர்கள் தெருமுனையில் கருவேல முள்ளை வெட்டிக் குவித்திருந்தார்கள். புள்ளி வைத்த வீட்டில், நடவு வேலைக்குப் போகும் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். நர்சு சின்ன சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு முள்ளைத் தாண்டினார். மண்வெட்டிக் காம்பு அவர் நெற்றியில் விழுந்தது. மறுபடி ஓங்கியவன் வாயில் நான் ஹெல்மெட்டால் அடித்தேன். பல் உடைந்தது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி என்னைக் கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள்.

"எங்க புள்ளைங்களும் இந்தத் தெருவுலதாண்டா இருக்கு" என்று ஒருவன் அழுதுகொண்டே மிதித்தான்.

தண்ணீர் திறப்பவர் ஓடிவந்து என்மேல் விழுந்தார். "தப்பு என்னுது. என்னை அடிங்க." அவரை அடித்தார்கள். அந்த இடைவெளியில் நானும் நர்சும் சிலிண்டரோடு வீட்டுக்கு ஓடினோம்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"அக்கா, ஆக்சிஜன் கொண்டாந்திருக்கோம், தொறங்க" என்றார் நர்சு.

"நான் வெளிய வந்தா... வீட்டக் கொளுத்திடுவாங்க... போயிடுங்க."

கதவை உதைத்து உடைத்தேன். பிள்ளைகளைப் பின்னால் தள்ளிவிட்டு, கதிர் அறுக்கும் அரிவாளை எங்களை நோக்கி ஓங்கியபடி நின்றார் அந்தப் பெண். ஓங்கிய கை இறங்குவதற்குள் முழங்கால் மடங்கிச் சரிந்தார்.

நர்சு ஆக்சிஜன் முகமூடியை அவர் மூக்கில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அரிவாளை எடுத்தார். ஆக்சிஜன் பார்க்கும் கருவியை ஒரு விரலில் மாட்டினார். எண் வரவில்லை. "வேற விரல்ல போடுங்க" என்று கத்தினேன். பத்து விரலிலும் போட்டுப் பார்த்தோம்.

நர்சு நெஞ்சில் கை வைத்து அழுத்தத் தொடங்கியதும் சின்னவள் என் காலைக் கடித்தாள்.

"எங்கம்மாவ அடிக்காதீங்க" என்றாள்.