ஓசூர் டான் எழுந்து நின்றான்

1. டிசி கேட்டு வந்த அப்பா

கேமரா போன் பரவத் தொடங்கியிருந்த காலம். பாகலூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் பிசிக்ஸ் டீச்சர். ஒருநாள் ப்ரேயர் முடிந்ததும் ப்ளஸ் டூ செல்வியின் அப்பா வந்து நின்றார். மதுரைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்.

"டிசி குடுத்துருங்க டீச்சர். படிச்சது போதும். ஊருல அவ மாமன் இருக்கான், கட்டி வச்சிர்றேன். அம்புட்டுத்தேன்."

ஆண்டு விழா ஒத்திகையில் ஆடும்போது செல்வி வழுக்கி விழுந்தாள். எவனோ அதை செல்லில் பிடித்து, கழுதை கத்தும் சத்தம் சேர்த்து, ப்ளூடூத்தில் விட்டுவிட்டான். பையன்களின் அண்ணன் தம்பிகள் வழியாக அது கம்பெனி பஸ்சுக்கும் போயிருக்கிறது. யார் மகள் என்று தெரியாமல் பக்கத்து சீட்காரர், "இதப் பாருண்ணா, செம காமெடி" என்று அவரிடமே நீட்டியிருக்கிறார்.

"உங்க செகண்ட் ஷிப்ட் பஸ் வர்ற வரைக்கும் டைம் குடுங்க" என்றேன்.

செல்வியைத் தனியே அழைத்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். அதுவரை யாரும் அவளை அப்படிக் கேட்கவில்லை.

"படிக்கணும் டீச்சர். ஆடவும் ஆடணும்."

2. போனே இல்லாத வகுப்பு

பள்ளிக்குள் போன் கூடாது. கேட்டால் எல்லாரும் அரிச்சந்திரன்கள். பையைச் சோதித்தால் போன் சாக்ஸுக்குள் போகும். சாக்ஸைச் சோதித்தால் ஜன்னல் வழியே புளியமரத்தடிக்குப் போகும்.

நான் யாரையும் சோதிக்கவில்லை. என் போனில் ப்ளூடூத்தைப் போட்டு, பக்கத்தில் என்னென்ன போன் இருக்கிறது என்று தேடினேன். பையன்கள் தங்கள் போனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன.

"'ரவுடி பாய்', வணக்கம். 'லவ்லி ஸ்டார்', வாங்க. 'ஓசூர் டான்', எங்க ஒளிஞ்சிருக்கீங்க?"

முதலில் சிரித்தார்கள். பிறகு முகம் வெளுத்தது. போன்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. "உனக்கு யாருடா அனுப்பினான்?" என்று கேட்டுக்கொண்டே போனதில் எல்லா விரல்களும் டானிடம் போய் நின்றன. மஞ்சுநாத் எழுந்து நின்றான். நன்றாகப் படிக்கிற பையன்தான். புத்திதான் புல் மேயப் போயிருந்தது.

3. பஸ்சுக்குள்

ஹெச்.எம். கொதித்தார். "இவனுக்கு இன்னைக்கே டிசி கிழிக்கிறேங்க டீச்சர்."

"இவன் போயிட்டா படம் போயிடுமா சார்? கொட்டினவனே அள்ளட்டும்."

மத்தியானம் பஸ் வந்ததும் அவனோடு நானும் ஏறினேன். பெண்ணின் பெயரைச் சொல்லக்கூடாது, சாக்குச் சொல்லக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன்.

"அண்ணா, அந்த டான்ஸ் வீடியோவ நான்தான் எடுத்தேன். தப்புங்கண்ணா. தயவு செஞ்சு எல்லாரும் அழிச்சுருங்க."

அதையே கன்னடத்திலும் தெலுங்கிலும் சொன்னான். பாகலூர் பஸ்சில் ஒரு மொழி போதாது. பக்கத்து சீட்காரர்தான் முதலில் போனை எடுத்து அழித்தார். அப்புறம் சீட் சீட்டாக எல்லாரும். செல்வியின் அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கும்போது மட்டும், "டிசி இருக்கட்டும் டீச்சர்" என்றார்.

இத்தனை வருட சர்வீஸில் அன்றைக்குப் போல நெஞ்சை நிமிர்த்தி நான் நடந்ததில்லை. எல்லா போனிலிருந்தும் அது அழிந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த பஸ்சில் அதை மறுபடி காட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

இளம் டீச்சர்களுக்கு ஒன்று சொல்வேன். போனைப் பிடுங்குவது சுலபம். முதலில் அடிபட்ட பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

4. ஆண்டு விழா

செல்வி அதே பாட்டுக்கு ஆடினாள். விழாமல் ஆடினாள். அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து, பக்கத்து சீட்காரரின் கேமரா போனை இரவல் வாங்கி, முழுசாகப் படம் பிடித்தார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இதை பஸ்ல எல்லாருக்கும் அனுப்பலாமா டீச்சர்?"

"என்கிட்ட எதுக்குங்க கேக்கறீங்க? செல்விகிட்ட கேளுங்க."

போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மகளைத் தேடி மேடைப் பக்கம் போனார்.